மீதி 999 பேருக்கான மருத்துவம்

பெரிய மருத்துவமனையின் வாசலை மிதிக்காத நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் உலக மருத்துவத்தின் போக்கையே பலமுறை மாற்றியிருக்கின்றன. அதில் சென்னைக்கும் முக்கியமான பங்கு உண்டு. ஆனால், இன்றைக்கும் ஆராய்ச்சி என்றால் நமக்கு ஆய்வுக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையம் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

எழுபது ஆண்டுகளுக்கு முன்பு காசநோய் என்று தெரிந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி ‘சானடோரியத்தில் இடம் கிடைக்குமா?’ என்பதுதான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இந்த மூன்றும் இல்லாமல் நோய் தீராது என்று உலகம் முழுக்க நம்பினார்கள். தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் இருந்த படுக்கைகளோ சில நூறு. நோயாளிகளோ லட்சக்கணக்கில். அந்தச் சமயத்தில் ஐசோநயசிட், பாஸ் என்ற மருந்துகள் கைக்கு வந்திருந்தன. ஒண்டுக் குடித்தனத்தில், அரை வயிற்றுச் சாப்பாட்டோடு இருக்கும் ஒருவருக்கு இந்த மருந்துகளை வீட்டிலேயே கொடுத்தால் குணமாகுமா? யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கேள்வியோடுதான் 1956-ல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கை கோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரண்டு தரப்புக்கும் அதே மருந்துகள், ஓராண்டு.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, நெரிசல் அதிகம், வேலைக்கும் போக வேண்டியிருந்தது. ஆனாலும் ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அவ்வளவு பெரிய வசதி வேறுபாட்டுக்கு இவ்வளவு சிறிய வித்தியாசம்தான். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தினரையும் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை நடந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் முடிவுகள் வெளியாயின. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கம் உலகெங்கும் முடிவுக்கு வர இந்த ஆய்வு வழிவகுத்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த ஆய்வில் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்தை உண்மையில் விழுங்கினார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளி வாழும் இடத்திலேயே கேள்வியைக் கேட்டு, அங்கேயே விடையையும் தேடினார்கள். முதல்நிலை மருத்துவத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் சாரமே இதுதான்.

ஆயிரத்தில் ஒருவர்

1961-ல் அமெரிக்காவில் கெர் ஒயிட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். ஊரில் வயது வந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் எத்தனை பேருக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். சுமார் 750 பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு. அதில் 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். 5 பேர் வேறொரு மருத்துவருக்கு அனுப்பப்படுகிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரைக்கும் போகிறவர் ஒரே ஒருவர்.

மருத்துவ மாணவர்கள் பாடம் படிப்பது அந்த ஒருவரிடம். பேராசிரியர்கள் ஆராய்வதும் அந்த ஒருவரைத்தான். பாடநூல்கள் அவரை வைத்தே எழுதப்படுகின்றன. சளி, இருமல், முதுகுவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, நெஞ்சில் ஒரு படபடப்பு என்று வந்துபோகும் மற்றவர்களைப் பற்றி மருத்துவத்துக்குத் தெரிந்தது குறைவு.

‘பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்ததை அப்படியே கிராமத்தில் பயன்படுத்த வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். அது நடக்காது என்பதை ஒரு எளிய கணக்கே காட்டிவிடும். நோய் உள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிற, நோய் இல்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கிற ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனையின் சிறப்புப் பிரிவுக்கு வருகிற ஆயிரம் பேரில் 500 பேருக்கு அந்த நோய் இருக்கிறது. அங்கே ‘பாசிட்டிவ்’ என்று வருகிற 500 பேரில் 450 பேர் உண்மையான நோயாளிகள். பத்துக்கு ஒன்பது.

அதே பரிசோதனையை ஊர் டாக்டரிடம் வருகிற ஆயிரம் பேருக்குச் செய்வோம். அங்கே நோய் இருப்பது 10 பேருக்கு மட்டும். அவர்களில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயே இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் வந்த 108 பேரில் நோய் இருப்பவர் 9 பேர்தான். பன்னிரண்டுக்கு ஒன்று. மற்ற 99 பேருக்கும் வீண் பயம், வீண் ஸ்கேன், வீண் செலவு. பரிசோதனை மாறவில்லை, ஆட்கள் மாறியதும் அதன் பொருள் மாறிவிட்டது. ஆகவே, முதல்நிலை மருத்துவத்துக்குத் தேவையான அறிவு அங்கேயே உருவாக வேண்டும். மேலிருந்து கொடுத்தனுப்ப முடியாது.

குறிப்பெடுத்த ஊர் டாக்டர்கள்

இந்த அறிவைத் தேடியவர்களில் பலர் பேராசிரியர்கள் அல்ல. இங்கிலாந்தின் நெசவாலை நகரமான பர்ன்லியில் குடும்ப மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. இதய நோய் இருந்த ஓர் இளம்பெண் பிரசவத்தில் இறந்துபோனது அவரை உலுக்கியது. எந்த இதயம் தாங்கும், எது தாங்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? நோயாளிகளின் நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் ஒரு கருவியை உருவாக்கி, அவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். ஒழுங்கில்லாத துடிப்புகளில் பல ஆபத்தில்லாதவை என்பது அப்படித்தான் தெரிந்தது. இதயம் கெட்டுவிட்டது என்று காரணமில்லாமல் படுக்கையில் போடப்பட்ட பலருக்கு அது விடுதலை. இப்படி ஆண்டுக்கணக்கில் பார்த்தால் மட்டுமே தெரிகிற உண்மை, மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்துவிட்டுப் போகும் நோயாளியிடம் கிடைக்காது.

மெக்கன்சியின் நூலைப் படித்துத் தூண்டப்பட்டவர் வில்லியம் பிக்கிள்ஸ். யார்க்‌ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் ஊர் டாக்டர். யார் எந்த வீட்டுக்குப் போனார், எந்தச் சந்தையில் யாரைப் பார்த்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் தேதி வாரியாக, ஊர் வாரியாக அட்டவணை போட்டார். 1929-ல் பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவியது. சுமார் 5,700 பேர் வாழ்ந்த பகுதியில் 250 பேருக்குக் காமாலை. நகரத்தில் ஒருவருக்கு எங்கே தொற்றியது என்று கண்டுபிடிப்பது கடினம். இங்கே, நோயாளியை ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை மட்டும் சந்தித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சந்திப்பு நடந்த தேதியிலிருந்து கண் மஞ்சளான தேதி வரை எண்ணிப் பார்த்தார். தொற்றியதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையில் 26 முதல் 35 நாள் ஆகிறது என்று சொன்னார். பெரிய ஆய்வுக்கூடங்களுக்குப் பிடிபடாத விவரம் இது. 1939-ல் இவற்றையெல்லாம் நூலாக எழுதினார். பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி உருவானபோது முதல் தலைவராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அக்கி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த நோய். இடுப்பைச் சுற்றியோ நெஞ்சின் ஒரு பக்கத்திலோ கொப்புளமும் எரிச்சலுமாக வரும். அது யாரிடமிருந்து தொற்றுகிறது? சைரன்செஸ்டர் என்ற சிறு நகரின் குடும்ப மருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன், சுமார் 3,500 பேர் கொண்ட தன் நோயாளிகளிடையே 16 ஆண்டுகளில் வந்த 192 அக்கி நோயாளிகளையும் குறித்துவைத்தார். சின்னம்மை அலை அலையாக வந்துபோகிறது, அக்கியோ எல்லாக் காலத்திலும் ஒன்றிரண்டாக வருகிறது. வயது கூடக்கூட அதிகமாகிறது. சிறு வயதில் சின்னம்மை கொடுத்த வைரஸ் உடம்பைவிட்டுப் போகாமல் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, எதிர்ப்பு குறையும்போது வெளியே வருகிறது என்று 1965-ல் எழுதினார். பின்னாளில் ஆய்வுக்கூடங்கள் அது சரிதான் என்று உறுதிசெய்தன. இன்று முதியவர்களுக்குப் போடப்படும் அக்கித் தடுப்பூசியின் அடிப்படை அந்த ஊர் டாக்டரின் பதிவேடுகளில் இருக்கிறது.

நோயாளியிடம் கேட்டபோது

எண்ணுவது ஒரு வகை ஆய்வு என்றால், கேட்பது இன்னொரு வகை. 1960-களின் தொடக்கத்தில், கிராமத்து மக்கள் இருமலை அலட்சியப்படுத்துகிறார்கள், நாமாகப் போய்த்தான் எக்ஸ்ரே வண்டியோடு தேட வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தின் தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோயாளிகளிடமே பேசிப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குத் தங்கள் நோய்க்குறிகள் தெரிந்திருந்தன, கவலையும் இருந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் ஏற்கெனவே அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டு, வெறும் இருமல் மருந்தோடு திரும்பியிருந்தார்கள். கோளாறு மக்களிடம் இல்லை, வந்தவரைச் சோதிக்காத மருத்துவமனையிடம் இருந்தது. இருமலோடு வருகிறவரின் சளியை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே சோதிக்க வேண்டும் என்ற நம் நாட்டின் காசநோய்த் திட்டக் கொள்கைக்கு இந்த ஆய்வு வலுவான ஆதாரமானது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதி இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. 1989-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகுதான், கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்பது பிரசவத்தோடும் குடும்பக் கட்டுப்பாட்டோடும் முடிந்துவிடுவதில்லை என்று உலகம் பேசத் தொடங்கியது.

பத்து மூச்சுக்கு ஒரு மணி

கட்சிரோலியில் அவர்கள் செய்த இன்னொரு வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு நிமோனியா இருக்கிறதா என்பதை மூச்சின் வேகத்தை வைத்துச் சொல்லலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் ஆபத்து. ஆனால், கிராமத்து மருத்துவச்சிகளில் பலருக்கு அறுபது வரை எண்ணத் தெரியாது. பத்து வரை எண்ணத் தெரியும்.

அதற்காக ஒரு சிறிய கருவி செய்தார்கள். ஒரு நிமிடத்தில் வடியும் மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பச்சைக் குழந்தைக்கு ஒரு வரிசை, அதைவிடப் பெரிய குழந்தைக்கு இன்னொரு வரிசை. கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டு, குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் வடிந்து முடிவதற்குள் சிவப்பு மணியை நகர்த்த வேண்டி வந்தால் நிமோனியா. உடனே மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணியால் இதைச் சரியாகச் செய்ய முடிந்தது. அந்தக் கிராமங்களில் நிமோனியாவால் குழந்தைகள் இறப்பது குறைந்தது.

அடுத்து, பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்கக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையைக் கதகதப்பாக வைப்பது, பால் குடிக்க உதவுவது, நோய்த்தொற்றைக் கண்டுபிடித்து மருந்து தருவது எல்லாம் அதில் அடக்கம். 39 கிராமங்களில் இது நடந்தது, 47 கிராமங்களை ஒப்பிட வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆண்டில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-ல் முடிவு வெளியானது. 2011-ல் மத்திய அரசு ‘ஆஷா’ பணியாளர்கள் மூலம் இதை நாடு முழுக்கக் கொண்டுசென்றது.

அரிசியும் பருப்பும் ஆய்வுப் பொருளானது

காசநோய்க்கும் பசிக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். ஆனால், ‘தெரியும்’ என்பது வேறு, நிரூபிப்பது வேறு. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருட்கள் தரப்பட்டன. ஒரு பிரிவில் குடும்பத்தினருக்கும் மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் தரப்பட்டன. 2023-ல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. ரேஷன் கடையில் கிடைக்கும் பொருள் ஒரு தடுப்பு மருந்தின் வேலையைச் செய்கிறது என்று இப்போது ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

மருந்து தேவையில்லை என்று காட்டுவதும் ஆய்வின் வேலைதான். நிமோனியா இல்லாத நெஞ்சுச் சளி, இருமலோடு குடும்ப மருத்துவரிடம் வந்த 2,061 பேரிடம் 12 ஐரோப்பிய நாடுகளில் அமாக்சிசிலினைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த ஆன்டிபயாட்டிக், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. தொந்தரவு நீடித்த நாட்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ‘டாக்டர், ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதிக் கொடுங்க’ என்று கேட்கும் நாட்டில் இந்த முடிவை ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒட்டிவைக்கலாம். கொரோனா காலத்திலும் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் வழியாக, வீட்டில் இருந்த முதியவர்களிடம் ‘பிரின்சிபிள்’ என்ற ஆய்வு நடந்தது. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் இரண்டும் பயன் தரவில்லை என்று அது தெளிவாக்கியது. அந்த மாத்திரைகளை நம் ஊரில் எத்தனை வீடுகள் வாங்கி விழுங்கின என்பதை நினைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட ஆய்வின் மதிப்பு புரியும்.

தெரிந்த டாக்டர்

‘நம்ம டாக்டர்’ என்று ஒருவர் இருப்பது வெறும் மன ஆறுதலா? நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே குடும்ப மருத்துவரிடம் ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும், இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. 2022-ல் இது வெளியானது. மருத்துவரை அடிக்கடி இடம் மாற்றும் ஒவ்வொரு நிர்வாகமும் யோசிக்க வேண்டிய செய்தி.

வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் வேலைபார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட், ஊரில் வயது வந்த எல்லோருக்கும் பி.பி. பார்த்து, 25 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார். பக்கத்து ஊரைவிட அந்த ஊரில் அகால மரணங்கள் குறைந்தன. மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்ற விதியை 1971-ல் எழுதியவரும் அவர்தான்.

நம் கையில் இருப்பது

தமிழ்நாட்டில் இந்த மரபு அறுந்துபோகவில்லை. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அதற்குச் சாட்சி. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் அரசுக்குத் துணை நிற்கிறது. காசநோய் என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே நோயாளியின் எடையையும் உயரத்தையும் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், ஆக்சிஜன் அளவைக் குறிக்கிறார், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். மிகவும் நலிந்தவர்கள் உடனே மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். விலை உயர்ந்த எந்தப் பரிசோதனையும் இதில் இல்லை. எந்தக் குறிகள் மரணத்தை முன்னறிவிக்கின்றன என்பதை ஆராய்ந்து, செவிலியரும் சில நிமிடங்களில் பார்க்கக்கூடியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. 2024-ல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. அந்தப் பதிவேடுகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. மாத்திரை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு பி.பி. உண்மையில் கட்டுக்குள் வந்தது? பாதியில் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? வெயிலில் வயலில் நிற்கும் ஒருவருக்கு எந்த பி.பி. மாத்திரை ஒத்துக்கொள்கிறது? இரவுப் பணிக்குப் போகும் சர்க்கரை நோயாளி எப்போது மாத்திரை போட வேண்டும்? இவற்றுக்கான விடை ஆஸ்லோவிலும் லண்டனிலும் இல்லை. அந்தந்த வீட்டுக்குப் போய்வருகிற பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள அவர்களோடு ஓர் ஆய்வாளர் உட்கார வேண்டும்.

தடையாக இருப்பது அறிவுக் குறைவு அல்ல. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஓ.பி. வரிசையைப் பார்த்து முடிக்கவே டாக்டருக்கு நேரம் போதாது. செவிலியர் எழுதும் பதிவேடுகள் மேலே போகின்றன. அதிலிருந்து என்ன தெரிந்தது என்று கீழே யாரும் வந்து சொல்வதில்லை. ஆய்வு என்றால் மருத்துவக் கல்லூரியின் உரிமை, கிராமத்து டாக்டரின் வேலை தகவல் திரட்டித் தருவது மட்டும் என்ற எண்ணம் இன்னும் வலுவாக இருக்கிறது.

இதை மாற்றப் பெரிய கட்டடங்கள் வேண்டாம். மாவட்டத்துக்குச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களை ஆய்வு நிலையங்களாக அறிவிக்கலாம். அங்குள்ள மருத்துவருக்கும் செவிலியருக்கும் வாரத்தில் அரை நாள் இதற்கென ஒதுக்கி, அந்த நேரத்துக்கு மாற்று ஆளைப் போடலாம். புள்ளியியல் தெரிந்த ஒருவரை மாவட்டத்துக்கு ஒருவராக நியமிக்கலாம். நோயாளியின் ஒப்புதலும் தகவல் பாதுகாப்பும் கறாராகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும். குடும்ப மருத்துவத்தை மேற்படிப்பாக எடுப்பவர்களுக்கு அங்கே ஆய்வுப் பயிற்சி கொடுக்கலாம். முடிவு எதுவானாலும், தகவல் தந்த கிராமத்துக்கு அதை முதலில் தமிழில் சொல்ல வேண்டும். செவிலியர் எழுப்பிய கேள்வி ஆய்வானால், கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியராக இடம்பெற வேண்டும்.

193 ஏழை நோயாளிகளை நம்பி, அவர்களுடைய வீடுகளுக்குள் போய் நடத்திய ஆய்வு உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றியது. அதைவிடப் பல மடங்கு ஆட்களும் பதிவுகளும் அனுபவமும் இன்று நம் சுகாதாரத் துறையிடம் இருக்கின்றன. அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வுக்கென்று ஒரு தனி வரி வரட்டும். மருத்துவம் இதுவரை சரியாகக் கவனிக்காத 999 பேருக்கும் அது சேர வேண்டிய பணம்.